மேனேஜருக்கு உடம்பு சரியில்லை

எனக்குக் கல்யாணம் ஆனபோது கணவரோடு ஒரு மகளும், மகளோடு ஒரு மரத்தவளையும் சேர்ந்து வந்தார்கள். மகளோடு பழக எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. தவளையோடு பழக இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆயிற்று.

தவளைக்கு மேனேஜர் என்று பெயர். உள்ளங்கையில் அடங்குகிற பச்சை உடம்பு, விரல் நுனியில் வட்ட வட்டமாகப் பசை. பகல் முழுக்கக் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு மரப்பட்டை மேல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வேலையும் செய்ய மாட்டார், ஆனால் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்த தோரணை. சாயங்காலம் ஆனால் எழுந்து நாலு வெட்டுக்கிளியைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வார். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று சொன்னேன். மகள் குட்டி சிரித்துவிட்டாள். அதிலிருந்துதான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் அவருக்கு ஏதோ விஞ்ஞானப் பெயர் இருந்தது.

குட்டிக்கு இப்போது பதின்மூன்று வயது. என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். டிவி சீரியல்காரர்கள் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அம்மா வேறு ஊரில் கெமிஸ்ட்ரி டீச்சர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார், பொறுமையாகப் பேசுவார், மகளுக்கு என்ன பாடம் வரவில்லை என்பது வரைக்கும் அவருக்கு அத்துப்படி. இந்த வருஷம் சொந்த வீடு வாங்கியிருந்தார். குட்டிக்கென்று ஜன்னல் வைத்த தனி அறை. வந்துவிடு என்று மூன்று மாதமாகக் கூப்பிடுகிறார். குட்டி ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். மேனேஜருக்கு இடம் மாறினால் ஒத்துக்காதாம், சாப்பாட்டை விட்டுவிடுமாம்.

அதனால் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தத் தவளை இருக்கிறவரைக்கும் அவள் இங்கே இருப்பாள். அது போனால் அவளைப் பிடித்துவைக்க இந்த வீட்டில் ஒன்றும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவள் போவாள் என்று நினைக்கிற அளவுக்கு எனக்குத் தலைக்கனம் கிடையாது.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினையே அங்கிருந்துதான் வந்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருகிற கத்தரி, கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, மருந்தில் ஊறவைத்து, நீராவியில் வேகவைத்து, சீல் வைத்துத் திருப்பி அனுப்புகிற அறையில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது சுத்தம் இல்லை என்பது எங்கள் அறையின் பாடம். அந்தப் பாடம் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் வீட்டுச் சமையல் மேடையில் ஆபரேஷனே செய்யலாம் என்பார் என் கணவர். கிண்டலாகத்தான் சொல்வார், எனக்குப் பெருமையாக இருக்கும்.

குட்டி பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு நாலு நாள் போனாள். மேனேஜரை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். வெட்டுக்கிளி டப்பா இங்கே, சுண்ணாம்புச் சத்துப் பொடி இங்கே, வாளியில் பிடித்துவைத்த தண்ணீர் மட்டும்தான் தெளிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தாள். தொட்டியைக் கழுவு என்று அதில் எங்கேயும் இல்லை. ஆனால் எனக்குக் கை சும்மா இருக்குமா? அவள் திரும்பி வரும்போது தொட்டி பளபளவென்று இருக்க வேண்டும், அவள் வாய் பிளக்க வேண்டும் என்று ஆசை. லீவு நாளாக வேறு அமைந்தது. மேனேஜரை ஒரு டப்பாவுக்கு மாற்றினேன். தரை துடைக்கிற கிருமிநாசினியை எங்கள் அறையில் கலக்கிற மாதிரி கெட்டியாகக் கலந்தேன். வாளிக்கு மூன்று மூடி. பாட்டிலில் ஒரு மூடி என்றுதான் போட்டிருக்கும், அதெல்லாம் சாதாரண ஜனங்களுக்கு என்று எனக்கு ஒரு நினைப்பு. கண்ணாடியைத் துடைத்தேன். பிளாஸ்டிக் இலைகளை, மரப்பட்டையை, எல்லாவற்றையும் இருபது நிமிஷம் ஊறவைத்தேன். மூன்று தண்ணீர் அலசினேன். மூக்கில் வைத்துப் பார்த்தேன், வாசனை இல்லை. மேனேஜரைத் திருப்பி அவருடைய பட்டையின் மேல் உட்காரவைத்தேன்.

மறுநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் மேனேஜர் பட்டையின் மேல் இல்லை. தொட்டியின் மூலையில், தரையில், பின்னங்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு கிடந்தார். பச்சை போய் அழுக்குப் பழுப்பாக இருந்தார். வயிற்றுப் பக்கம் தோல் கசங்கி உரிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. குட்டிதான். மேனேஜர் என்ன செய்கிறார் என்று கேட்டாள்.

தூங்குகிறார் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

நாய் பூனை தவிர மற்ற ஜீவன்களையும் பார்க்கிற டாக்டர் ஒருவர் நாலு தெரு தள்ளி இருக்கிறார். மூடி போட்ட சாப்பாட்டு டப்பாவில் ஈரக் காகிதம் விரித்து மேனேஜரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் ஆற அமரப் பார்த்தார். என்ன போட்டுக் கழுவினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடி பரவாயில்லை, மரப்பட்டையை என்ன செய்தீர்கள் என்றார். ஊறவைத்தேன் என்றேன்.

"ஊற வெச்சீங்க," என்றார் அவரும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு. "எங்க வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நீங்கள் கழுவுகிறது எல்லாம் எஃகு, எஃகு எதையும் குடிக்காது, மரம் குடிக்கும் என்று மட்டும் சொன்னார். மூன்று தண்ணீர் இல்லை, முப்பது தண்ணீர் அலசினாலும் உள்ளே போன மருந்து உள்ளேதான் இருக்கும். இந்த ஜீவனோ வாயால் தண்ணீர் குடிக்கிறதே இல்லை, வயிற்றுத் தோலால்தான் குடிக்கும். அந்த வயிற்றை அந்தப் பட்டை மேல் ஒரு நாள் முழுக்க ஒட்டவைத்திருக்கிறீர்கள். அப்புறம் என் கைகளைப் பார்த்தார். ஒரு நாளைக்கு இருபது தடவை ஆஸ்பத்திரி மருந்து தடவுகிற கை. வெறும் கையால் தொடவே கூடாது, கையுறையைக் கூட நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் தொட வேண்டும் என்றார். பிழைக்குமா என்று கேட்டேன். அஞ்சு நாள் தாண்டினால் சொல்கிறேன் என்றார்.

அன்று ராத்திரியே என் கணவர் ஒரு யோசனை சொன்னார். அவர் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் ஸ்பேர் பார்ட் உண்டு என்று நம்புகிறவர். அதே கடையில் அதே மாதிரி ஒரு தவளை வாங்கி வைத்துவிடலாம், எல்லாத் தவளையும் ஒரே முகம்தானே என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் பெற்ற மகளை இவ்வளவுதான் தெரிந்துவைத்திருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூறு தவளைக்கு நடுவில் விட்டாலும் அவள் மேனேஜரைக் கண்டுபிடிப்பாள். அதைவிட, அந்த வேலையைச் செய்துவிட்டு நான் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

பட்டை குப்பைக்குப் போனது. மேனேஜருக்கு வெறும் டப்பா, ஈரக் காகிதம், மேலே ஒரு துணி. டாக்டர் கலந்து கொடுத்த உப்புத் தண்ணீரில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை குளியல். தண்ணீர் நெஞ்சளவுதான் இருக்க வேண்டும், தலை மேலே நிற்க வேண்டும். நான் லீவு போட்டேன். பதினாறு வருஷத்தில் எனக்கே காய்ச்சல் என்று நான் லீவு போட்டதில்லை. ஒரு தவளைக்காகவா என்று சூப்பர்வைசர் கேட்டார். ஆமாம் என்றேன். மேனேஜரைச் சமையல் தராசில் வைத்து எடை பார்த்தேன். முப்பத்து மூன்று கிராம். அவர் அசையவில்லை. தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அது துடிக்கிறவரைக்கும் சரி என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு நாளில் எனக்கு அவர் மேல் வந்த பிரியம், அதற்கு முந்தின மூன்று வருஷத்தில் வரவில்லை. குட்டிக்காக மட்டும்தான் இதெல்லாம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் போன மறுநாளே, குட்டி போன் செய்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்ன பாட்டில், எத்தனை மூடி, எத்தனை நிமிஷம், நேற்று தூங்குகிறார் என்று சொன்ன பொய் உட்பட. பின்னால் பிள்ளைகள் பஸ்ஸில் பாடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தனை கிராம்?" என்று கேட்டாள் கடைசியில்.

"முப்பத்து மூணு."

"போன வாரம் முப்பத்தெட்டு," என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

சுற்றுலா முடிந்து வந்தவள் பையைக் கூட இறக்கவில்லை. நேராக டப்பாவுக்குப் போய்த் துணியை விலக்கிப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள், அழுவாள், அப்பாவிடம் போய் முகத்தைப் புதைப்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் குழாயடிக்குப் போய் வெறும் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு வந்து, அடுத்த குளியல் எப்போது என்று கேட்டாள். அவ்வளவுதான். அடுத்த மூன்று நாளும் எங்களுக்குள் தவளைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கா, காகிதம் மாற்றியாச்சா, எத்தனை கிராம். பள்ளிக்கூட நேரத்தில் நான் பார்த்தேன், வந்ததும் அவள் பார்த்தாள். நான் டியூட்டி முடிந்த நர்ஸ் மாதிரி அறையை விட்டு வெளியே போவேன். அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறாவது நாள் சாயங்காலம் மேனேஜர் நிறம் மாறினார். முதுகில் பச்சை தெரிந்தது. டப்பாவின் சுவரில் ஒரு காலை வைத்து ஏறிப் பார்த்தார், வழுக்கினார், மறுபடி ஏறினார். குட்டி ஒரு சின்ன வெட்டுக்கிளியை இடுக்கியில் பிடித்து நீட்டினாள். பார்த்தார். யோசித்தார். நாக்கு வெளியே வந்து போனதை நான் பார்க்கவே இல்லை, வெட்டுக்கிளி மட்டும் காணாமல் போயிருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குட்டி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், உடனே தராசை எடுக்கப் போய்விட்டாள். கோபம் இன்னும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இருக்கத்தானே செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா போன் செய்தார். குட்டி கையுறை போட்டுக்கொண்டு மேனேஜரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்று அடுத்த தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். விஷயம் எப்படியும் வெளியே வரத்தான் வரும். வரட்டும் என்று இருந்தேன்.

தவளைக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டதும் அம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டார். எதனால் என்றார். தொட்டியைக் கிருமிநாசினியால் கழுவியதால் என்றாள் குட்டி. யார் கழுவினது என்றார்.

"நான்தான்மா. டூர் போறதுக்கு முன்னாடி."

நான் தண்ணீர் கலக்குவதை நிறுத்திவிட்டேன்.

கெமிஸ்ட்ரி டீச்சர் சும்மா விடுவாரா? எந்த லிக்விட், எத்தனை மூடி, எவ்வளவு நேரம் ஊறியது என்று குடைந்தார். குட்டி ஒன்றையும் மாற்றாமல் சொன்னாள். மூன்று மூடி, இருபது நிமிஷம், மூன்று தண்ணீர். நான் போனில் ஒப்பித்ததை எழுத்துப் பிசகாமல் வைத்திருந்தாள். அம்மா நன்றாகவே திட்டினார். இத்தனை வருஷமாக வளர்க்கிறாய், மரத்தில் மருந்து ஊறும் என்று இது கூடத் தெரியாதா, உன் அக்கறை அவ்வளவுதானா என்றார். தவளையைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் எள்ளும் கொள்ளும் முகத்தில் வெடிக்கிற பெண் இவள். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

போனை வைத்த பிறகு அவளிடம் கேட்டேன். "எதுக்கும்மா பொய் சொன்ன? அம்மாகிட்ட நானே சொல்லியிருப்பேனே."

"நீங்கன்னு சொன்னா அம்மா நாளைக்கே வந்து நிப்பாங்க," என்றாள், மேனேஜரின் மேல் தண்ணீரை விட்டுக்கொண்டே. "பெட்டியைக் கட்டுன்னு சொல்லுவாங்க. அப்புறம் நான் என்ன சொல்லித் தப்பிக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையுறைக் கையால் துடைத்தால் உப்பு பட்டுவிடும், மறுபடி அலச வேண்டும் என்று தோளிலேயே துடைத்துக்கொண்டேன். தண்ணீர் ஆறுகிறது, கொண்டு வாங்க சித்தி என்றாள் அவள். கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.