ஜிப் பிய்ந்த வியாழக்கிழமை

இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறந்து கேட்பதில்லை. என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கேட்க மாட்டார்கள். உன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள், போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள், ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள், அப்புறம் அதை உன்னிடமே கொண்டுவந்து காட்டி "இது நிஜமா?" என்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கே கேட்கத் தெரியும்.

பஃபலோ மில்லர்ஸ் கூடைப்பந்து அணிக்கு முப்பத்தொரு வருஷமாகச் சாமான் பார்த்துக்கொள்வது நான்தான். ஜெர்சி துவைப்பது, ஷூ அடுக்குவது, வெளியூர் ஆட்டத்துக்குப் பை கட்டுவது. பேர் கிளெமென்ஸ் ஸ்விடர்ஸ்கி. ஆட்டக்காரர்கள் கிளெம் என்பார்கள். கொழுப்பு கூடினால் பெருசு என்பார்கள்.

இந்த வருஷம் நாற்பத்தொன்பது ஆட்டத்தில் ஒன்பது ஜெயித்திருந்தோம். மாடியில் இருக்கிறவர்கள் இதைத் தோல்வி என்று சொல்வதில்லை. அணியைப் புதுசாகக் கட்டுகிறோம் என்கிறார்கள். வீடு கட்டினால் சுவராவது தெரியும். இங்கே மூன்று வருஷமாக இடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணியோடு ஆள் மாற்றிக்கொள்ளும் கெடு முடியும். அதற்குள் எந்த அணியும் தன் ஆளைக் கொடுத்து வேறு ஆளை வாங்கலாம். அன்றைக்கு மாடியில் ஒருத்தரும் கீழே எதுவும் சொல்ல மாட்டார்கள். அதனால் ஆட்டக்காரர்கள் என்னைப் பார்ப்பார்கள். போகிறவன் சாமானைக் கட்ட என்னிடம் பெரிய கறுப்புப் பை உண்டு. அது எவன் அலமாரி முன்னால் வந்து விழுகிறதோ அவன் அணியில் இல்லை. யாரும் எழுதிவைத்த சட்டம் கிடையாது. ஆனாலும் அந்தப் பையைக் கண்டால் ஏழடி ஆள்கூட இரண்டடி பின்னால் நகர்வான்.

அந்த வியாழக்கிழமை போக வேண்டும் என்று தவித்தவன் ஒரே ஒருத்தன். ஆல்வெஸ்டர் புரூயிட். மிசிசிப்பிக்காரன், முப்பத்தைந்து வயது, கூடைக்கு அடியில் மலை மாதிரி நிற்பான். பதினான்கு வருஷம் ஆடியும் கோப்பை ஜெயித்தவர்கள் போட்டுக்கொள்ளும் மோதிரம் அவன் விரலுக்கு வரவில்லை. தினமும் ஆட்டம் முடிந்து இரண்டு முட்டியையும் ஐஸில் புதைத்துக்கொண்டு என்னிடம்தான் புலம்புவான்.

"பெருசு, இந்த முட்டில இன்னும் நாப்பது ஆட்டம் மிச்சமிருக்கு. அத ஜெயிக்கிற எடத்துல ஆடிட்டுப் போயிடறேனே. ஒங்க ஊர்ல பனி வாரிக்கிட்டே என் காலம் முடியணுமா?"

"பனி வார்றதுக்கு முட்டி வேணாம். முதுகு போதும்" என்பேன். எனக்கு அவன் போவதில் இஷ்டமில்லை. துவைக்கப் போடும்போது காலுறையை உள்ளும் புறமும் சரியாகத் திருப்பிப் போடுகிறவன் அவன் ஒருத்தன்தான். ஆனால் அவன் கேட்டது நியாயம்.

காலையில் மாடிக்குப் போனேன். மேலாளர் எமரி கார்வெத்துக்கு முப்பத்துமூன்று வயது. கம்ப்யூட்டர் பையன்கள் நாலு பேரை வைத்துக்கொண்டு வெள்ளைப் பலகையில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். புரூயிட்டுக்குப் பதிலாக யார் என்ன தருகிறார்கள் என்ற பட்டியல். பிட்ஸ்பர்க் இரண்டு இரண்டாம் சுற்று உரிமை தருகிறதாம். அதாவது கல்லூரியிலிருந்து வரும் பையன்களை எல்லாரும் பொறுக்கி எடுத்த பிறகு மிச்சத்தில் எடுத்துக்கொள்ளலாம். செயின்ட் லூயிஸ் கிழடு இரண்டு பேரைத் தருகிறது. இந்த வருஷம் எல்லாரையும் ஜெயித்து முதலிடத்தில் நிற்கிற சியாட்டில், கணுக்கால் சுளுக்கிய ஒரு சின்னப் பையனை மட்டும் தருகிறேன் என்கிறது.

"கிளெம், நீங்களே சொல்லுங்க. எது நல்ல டிரேடு?" என்றார் கார்வெத், விளையாட்டுக்கு.

"அவன் சியாட்டில் போகணும்னு கெஞ்சறான். அனுப்பிடுங்க."

"சும்மா எப்படி அனுப்பறது? எனக்கு முதல் சுற்று உரிமை ஒண்ணு வேணும். அது வராட்டி அவர் இங்கதான்."

"அவனுக்கு நாப்பது ஆட்டந்தான் இருக்கு தம்பி."

"எனக்கு அஞ்சு வருஷத் திட்டம் இருக்கு" என்றார் அவர். கம்ப்யூட்டர் பையன்கள் தலையாட்டினார்கள். தலையாட்டச் சம்பளம்.

கீழே வந்தேன். மறுநாள் டொரோன்டோ பயணம். பைகளைச் சரிபார்த்தால் புரூயிட்டின் பயணப் பை ஜிப் பிய்ந்து பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அந்த அளவில் மாற்றுப் பை இல்லை. கறுப்புப் பைதான் இருந்தது. நான் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? ஜிப் போனால் வேறு பை. தூக்கிக்கொண்டுபோய் அவன் அலமாரி முன்னால் போட்டேன். மணி ஒன்று நாற்பது.

யாரோ ஷவரை நிறுத்தினான். புரூயிட் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எழுந்து வந்து என்னைத் தூக்கிவிட்டான். எனக்கு எழுபத்திரண்டு வயது.

"எறக்குடா."

"பெருசு, நீ தெய்வம். எந்த ஊருன்னு மட்டும் சொல்லு."

"டொரோன்டோடா, நாளைக்கு எல்லாரும்..." என்று ஆரம்பித்தேன். மீதியை யாரும் கேட்கவில்லை. ஜவாரி என்கிற இளைய ஆட்டக்காரன் அதற்குள் அழுதுகொண்டே அவனைக் கட்டிப்பிடித்துவிட்டான். கட்டிப்பிடித்த கையிலேயே போனை வைத்துப் பையைப் படமும் எடுத்தான். படத்துக்குக் கீழே உடைந்த இதயம் ஒன்றைப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பியதாகப் பிறகு தெரிந்தது.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் கல்யாண வீடு என்பீர்கள். புரூயிட் ஒவ்வொன்றாகத் தானம் பண்ண ஆரம்பித்தான். வெந்நீர்க் குழாய் பக்கத்து மூலை அலமாரியை ஜவாரிக்குக் கொடுத்தான். வீட்டிலிருக்கும் பனி ஊதும் எந்திரத்தைப் பங்க்ஸ் என்கிற ஆளுக்குக் கொடுத்தான். பத்து நிமிஷம் கழித்துச் சந்தோஷத்தில் மறந்துபோய் அதே எந்திரத்தை ஜவாரிக்கும் கொடுத்தான். பஃபலோவில் பனி ஊதும் எந்திரம் என்றால் சாதாரணமா? இரண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு மோதிக்கொண்டு நின்றார்கள்.

"எனக்குத்தான் முதல்ல சொன்னாரு."

"உனக்கு வாசலே கெடையாதுடா, அஞ்சாவது மாடில குடியிருக்கே. எத ஊதப் போறே, பால்கனியையா?"

அந்தச் சத்தத்துக்குப் பயிற்சியாளர் ராட்னி ஹஃப் எட்டிப்பார்த்தார். புரூயிட் அவர் தோளில் கை போட்டான்.

"கோச், இனிமே மறைக்க என்ன இருக்கு. நீங்க நல்ல மனுஷன். ஆனா நீங்க எங்களுக்குப் போட்டுக் காட்டற ஆட்டத் திட்டம் இருக்கே, எங்க மாமா டிரெய்லர் வண்டிய ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கும். தெருவுல எல்லாரும் கையாட்டிக்கிட்டு ஓடுவாங்க, வண்டி மட்டும் பள்ளத்துல எறங்கிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹஃப் சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொள்கிற முகத்தோடு போய்விட்டார்.

நான் புரூயிட்டின் சட்டையைப் பிடித்துத் துண்டு அறைக்குள் இழுத்துப் போனேன். பழைய பையைக் காட்டினேன்.

"இதப் பாரு. ஜிப்பு பிஞ்சிருக்கு. அதுக்குத்தான் அந்தப் பை. உன்ன யாரும் எங்கயும் அனுப்பல."

அவன் பிய்ந்த ஜிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். துண்டு மூட்டை மேல் உட்கார்ந்தான். மூட்டை அமுங்கிப் பாதியானது.

"ஜிப்பா?"

"ஜிப்புதான்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ என்னக் கூரையில முட்ட வச்சே. எங்க சொல்றது?"

"கோச்ச எங்க மாமாவோட சேத்துட்டேனே பெருசு." முகத்தை மூடிக்கொண்டான். "இனி டிரேடு ஆகலேன்னா நான் இந்த ஊர்ல எப்படி நடமாடுவேன்? முட்டியும் போச்சு, மூலை அலமாரியும் போச்சு. பனி எந்திரம் வேற ரெண்டு பேருக்குப் போச்சு." அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. மூட்டை குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மணி இரண்டு ஐந்து.

கதவு திறந்தது. கார்வெத். அந்தப் பையன் மாடியிலிருந்து கீழே வந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காதில் ஒரு போன், கையில் ஒரு போன், இரண்டும் கத்திக்கொண்டிருந்தன.

"கிளெம், யார் சொல்லி அந்தப் பையை வெச்சீங்க?"

"ஜிப்பு சொல்லிச்சு" என்று பழைய பையைக் காட்டினேன்.

அவர் ஜிப்பைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் மெதுவாக ஏறியது. எனக்கு அந்த வெளிச்சத்தில் நம்பிக்கை கிடையாது.

"சியாட்டில்காரர் இருபது நிமிஷமா என்னைத் திட்டறார்" என்றார். "பிட்ஸ்பர்க்குக்குக் குடுத்துட்டியா, எவ்வளவுக்குக் குடுத்தேன்னு கேக்கறார். பிட்ஸ்பர்க்காரர் சியாட்டிலுக்கான்னு கேக்கறார். நான் எதுக்கும் பதில் சொல்லல. எனக்கே என்னன்னு தெரியலயே."

"தெரிஞ்சிடுச்சில்ல. ஜிப்புன்னு சொல்லிடுங்க."

"ஐயோ, வேணாம் கிளெம். அந்தப் பையைத் தூக்கிக்கிட்டுப் பத்திரிகைக்காரங்க நிக்கற நடைவழியா ஒரு தரம் போய்ட்டு வாங்க. அவ்வளவுதான்."

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் வேணாம். நடங்க."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். மூட்டை மேலிருந்து புரூயிட் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தான். கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

பையைத் தூக்கிக்கொண்டு போனேன். நடைவழியில் பதினைந்து பேர், ஈரக் கோட்டும் காமிராவுமாக. நூனன் என்கிற பத்திரிகைக்காரன் குறுக்கே வந்தான். இருபது வருஷமாக என்னிடம் ஓசித் துண்டு வாங்குகிறவன்.

"கிளெம், புரூயிட் எங்க போறாரு?"

"எங்கயும் போகல. ஜிப்பு பிஞ்சிடுச்சு. அதுக்கு மாத்துப் பை இது."

நூனன் கண்ணடித்தான். "ஜிப்பு. சரி சரி. நல்லா சொல்லிக்குடுத்திருக்காங்க."

"யாரும் சொல்லிக்குடுக்கல. வந்து பாரு, காட்றேன்."

"வேணாம் கிளெம், உங்க வேலைக்கு ஆபத்து வேணாம்" என்றான். பரிவோடு என் தோளைத் தட்டினான். இன்னொருத்தன், "கிழவர் கை நடுங்குது பாருங்க" என்று முணுமுணுத்தான். டொரோன்டோ சாமானோடு பை முப்பது ராத்தல் கனம். நடுங்காமல் என்ன செய்யும்? நான் இன்னும் மூன்று பேரிடம் ஜிப் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எழுதினார்கள். அணி நிர்வாகம் விஷயத்தை மறைக்கப் பெரும் பாடுபடுகிறது என்று இரண்டு இருபதுக்கு நூனன் செய்தி போட்டான். என் பேரோடு.

திரும்பி வந்தபோது அறையில் யாரும் உட்காரவில்லை. எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பங்க்ஸும் ஜவாரியும் எந்திரத்தை வாரத்துக்கு ஒருத்தர் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். புரூயிட் மட்டும் தன் அலமாரி முன்னால் நின்று, எடுத்த ஷூக்களை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தான். இரண்டு முப்பது. இரண்டு நாற்பது. ஹஃப் வாசலில் கைகட்டி நின்றார்.

"புரூயிட், நாளைக்கு டொரோன்டோல பெஞ்சுல என் பக்கத்துல உக்காரு. டிரெய்லர் ஓட்டறதப் பத்திப் பேசணும்" என்றார்.

"சரிங்க கோச்" என்றான் புரூயிட், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அவன் போன் அடித்தது. எடுத்தான். "ம்" என்றான். மறுபடியும் "ம்" என்றான். பிறகு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அந்த முட்டியோடு, ஐஸ் தொட்டியைத் தாண்டி ஒரு குதி குதித்தான். கூரை விளக்கு அசைந்தது.

சியாட்டில். பிட்ஸ்பர்க் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்று பயந்து, முதல் சுற்று உரிமையையும் கணுக்கால் பையனையும் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

என்ன கூத்து என்கிறீர்கள். ஜவாரி மறுபடியும் அழுதான். ஹஃப்கூட வந்து கைகுலுக்கி, "உங்க மாமாவ வரச்சொல்லு, ஒரு யோசனை கேக்கணும்" என்றார். துண்டுகள் பறந்தன. அத்தனையையும் பிறகு நான்தான் பொறுக்கினேன். புரூயிட்டின் சாமானை நானே கட்டினேன். கடைசியாகக் காலுறைகளை வைக்கும்போது அவன் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"பெருசு, ஒண்ணும் சொல்லமாட்டியா?"

"அங்க மழை ஜாஸ்தி. முட்டிக்கு ஆகாது" என்றேன்.

என் தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடினான். நொண்டிக்கொண்டுதான் ஓடினான்.

நாலு மணிக்கு மாடியில் கூப்பிட்டார்கள். கேக் வெட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டர் பையன்கள் நாலு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கார்வெத் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"கிளெம், உண்மையையே திரும்பத் திரும்பச் சொல்லி யாரையும் நம்பாம பண்ணீங்க பாருங்க, அது எந்தப் படிப்புலயும் வராது. அடுத்த வருஷம் கெடு அன்னிக்கு நீங்க இந்த மேசையில உக்காரணும்."

"நான் ஜிப்புன்னுதான் சொன்னேன்."

"அதான், அதான்" என்று சிரித்தார். பலகையில் பெரிதாக ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. "இதுதான் நாம வாங்கினது. அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற முதல் சுற்று. அவன் இந்த அணியையே தூக்கி நிறுத்துவான்."

"யாரு?"

"இன்னும் தெரியாது. இப்ப எட்டாவது படிச்சிட்டிருப்பான்."

நான் கட்டத்தைப் பார்த்தேன். "அவன் பேரு?"

"கிளெம், அது உரிமைதான். ஆள் இன்னும் இல்ல."

"சரி. நாளைக்கு டொரோன்டோல கூடைக்கு அடியில யாரு நிக்கறது?"

கார்வெத் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குத் தோத்தாதான் நமக்கு நல்லது. கடைசியில இருக்கறவங்களுக்குத்தான் நல்ல பையன் முதல்ல கிடைப்பான்."

"தோத்தா நல்லது."

"ஆமா."

"அப்ப ஒம்பது ஆட்டம் ஜெயிச்சது தப்பா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "ஒரு வகையில" என்றார்.

கேக்கை மேசையில் வைத்தேன். ஒரு கம்ப்யூட்டர் பையன் வரைபடம் ஒன்றைக் காட்ட எழுந்து வந்தான். கோடு எங்கேயோ மேலே போய்க்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. துவைக்க ஈரத்துணி கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பின்னால் இன்னும் கைதட்டல் கேட்டது. லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினேன். எட்டாவது படிக்கிற ஒருத்தனை நம்பி ஒரு நகரமே தோற்றுக்கொண்டிருக்கிறது, அந்தப் பயலுக்கு விஷயம் தெரியாது. தெரிந்தால் பயந்து ஹாக்கி ஆடப் போய்விடுவான்.