தாயத்து இல்லாத வீரசேனன்

வீரசேனனின் தாயத்தைப் பிடுங்கி எறிந்தது நான்தான். டிவி சீரியலில் ஆபத்து வந்தால் போதும், அவன் தாயத்தைத் தொடுவான், பாதாளத்தின் கதவு திறந்துவிடும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்குக் கொஞ்சம் மூளையைக் கொடுத்து, பாதாளத்தைச் சுரங்கமாக்கி, அதே கதையை இணையத்தில் நானே எழுத ஆரம்பித்தேன். மூன்று வருடம், தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலில், பாதி நாள் நின்றுகொண்டே.

என்னைப் போல எழுதுகிறவர்களுக்குப் பெங்களூரில் ஒரு குழு உண்டு. டீ வருமா என்று கேட்டால்கூட எழுபது சதவீதம் வரும் என்பார்கள். குழுவின் சட்டம் ஒன்றுதான். நாயகன் தப்பிக்க உதவும் துப்பு முன்பே கதையில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு கதையைப் புத்தகமாகப் போடுவார்கள். இந்த வருடம் என் கதை என்று முடிவாகியிருந்தது, குழுவிலிருந்த கிரண் குறுக்கே வரும்வரை.

கடைசி அத்தியாயத்தில் வீரசேனன் சுரங்கத்தின் அடியில், இருட்டில் நிற்கிறான். எதிரே இரண்டு வழிகள். ஒன்றிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அந்த வழியில் நடந்து, தரைக்கு நேராக மேலே ஏறும் குழியான ஷாஃப்டை அடைகிறான்.

"கிணறு மாதிரி, ஆழம் போனா குளிரும். அந்தக் காத்து அவனை இன்னும் கீழதான் கூட்டிட்டுப் போகும்," என்று என் கதையைப் பற்றிக் குழுவில் எழுதினான் கிரண். "லவினா ஏமாத்துறாங்க, தொண்ணூறு சதவீதம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல பதில் சொல்லட்டும்."

ஞாயிறு காலை ரயிலில், பங்காருபேட்டை தாண்டும்வரை புலம்பித் தீர்த்தேன். பக்கத்தில் ரூபேஷ். ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டு வரிசைதான், என் முதல் வாசகன்.

"அடியில அனலா கொதிக்கும்னு யாருக்குத் தெரியாது? குளிர் காத்து மேலேந்துதான வரும். எங்க தாத்தா சொல்லுவாரு..."

"உங்க தாத்தா என் கதையில இல்லையே ரூபேஷ்."

அதுதான் என் தப்பு. எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, நானும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அழுகை வந்தது. அவனோ போனில் கதையை முதலிலிருந்து தள்ளிக்கொண்டே போனான்.

"அப்போ இவங்க இன்னாத்துக்கு சட்டையைக் கழட்டுறாங்க?"

போனைப் பிடுங்கினேன். மூன்றாம் அத்தியாயம். மார்கழிக் காலையில் கழுத்துவரை பொத்தான் போட்டுக் கூண்டில் இறங்கும் ஆட்கள், அடித்தளம் வந்ததும் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, தலைத்துண்டைப் பிழிந்து பிழிந்து வேலை செய்கிறார்கள்.

கூட்டத்தில் அந்த வரிகளை வாசித்தேன். கிரண் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னான்.

"துப்புன்னு நினைச்சுத்தான் வச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

"இல்ல," என்றேன். "அடியில வேலை செய்யறவங்க அப்படித்தான் இருப்பாங்க. அதனால எழுதினேன்."

அவன் தலையாட்டினான். "அப்போ இது இன்னும் பலமான சாட்சி. முடிவுக்கு ஏத்த மாதிரி நீங்க ஜோடிக்கல. ரெண்டு சதவீதத்துக்கு இறங்கறேன். நான் சொன்னது தப்பு."

கூடம் முழுக்கக் கைதட்டியது. எனக்கில்லை, அவனுக்கு. தப்பை ஒத்துக்கொண்டவருக்குத்தான் கைதட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். நானும் கை வலிக்கத் தட்டினேன். கைதட்டல் அவனுக்குப் போகட்டும், புத்தகம் எனக்கு.