ஏழு சுற்று டேப்

அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி அனுப்பும் கம்பெனியில் பதினாறு வருஷமாக பேக்கிங் சூப்பர்வைசர். மூன்று அறை வீட்டை மதியச் சாப்பாட்டுக்குள் சுருட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிடுவாள். அங்கே அவளுக்கு லேபிள் அக்கா என்று பெயர். எதைக் கட்டினாலும் மேலே மூன்று வரி எழுதி ஒட்டுவாள்: என்ன, யாருடையது, எந்த அறை. அவள் வீட்டுச் சர்க்கரை டப்பாவிலும் இந்த மூன்று வரி உண்டு. ஒருநாள் சோபாவில் அயர்ந்துபோன அவள் புருஷன் எழுந்து பார்த்தபோது சட்டையில் ஒரு லேபிள் ஒட்டியிருந்ததாகக் கேள்வி. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை மனிதர் இதுவரை வெளியே சொல்லவில்லை.

அப்படிப்பட்டவளின் தங்கைக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிற்று. பெண் குழந்தை. உள்ளே இருந்துகொண்டு ஓயாமல் உதைத்ததால் குடும்பமே அதை டமாரம் என்று கூப்பிட்டது. அக்கா போன் செய்தால் தங்கையை விசாரிக்க மாட்டாள், "டமாரம் என்ன சொல்லுது?" என்றுதான் ஆரம்பிப்பாள். அந்த டமாரம் சத்தமே இல்லாமல் பிறந்தது.

தங்கையும் அவள் புருஷனும் ஒரு மணி நேரம் குழந்தையைக் கையில் வைத்திருந்தார்கள். "நீங்களும் வந்து பாருங்க" என்று நர்ஸ் அக்காவையும் கூப்பிட்டாள். லாரிக்காரனுக்கு அவசரமாகப் போன் பண்ண வேண்டும் என்று அக்கா வராந்தாவின் கோடிக்குப் போய்விட்டாள். லாரிக்காரனுக்கு அன்று லீவு.

பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களுக்குக் கூடமாட இருப்பதுதான் அந்த நர்ஸின் வேலை. கிளம்பும்போது ஒரு துணிப்பையை அக்காவிடம் கொடுத்தாள்.

"இத இப்ப பாத்தா உங்க தங்கச்சி தாங்க மாட்டாங்கன்னு அவங்க வீட்டுக்காரர் சொல்றார். ஆனா கேப்பாங்க. பத்திரமா வச்சிருங்க. அப்புறம், வீட்ல பாப்பா சாமான் எதையும் அவங்களக் கேக்காம ஒதுக்கிடாதீங்க."

முதல் பாதி அக்காவின் காதில் நன்றாக விழுந்தது. பத்திரம் என்ற சொல்லைக் கேட்டால் அவளுக்கு மற்றதெல்லாம் கேட்காது.

துக்கத்தில் சிலர் அழுவார்கள், சிலர் சாப்பிடாமல் கிடப்பார்கள். அக்கா கட்டினாள். தங்கை வீடு திரும்புவதற்குள் குழந்தைக்கென்று வைத்திருந்த அறையை நாற்பதே நிமிஷத்தில் துடைத்து எடுத்துவிட்டாள். தொட்டில், துணிமணி, கிலுகிலுப்பை எல்லாம் மூன்று பெட்டியில் அடக்கம். துணிப்பையைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. அதை மட்டும் அப்படியே நாலாவதாக ஒரு சின்னப் பெட்டியில் வைத்து ஏழு சுற்று டேப் ஓட்டினாள். கண்ணாடிச் சாமானுக்கே அவள் நாலு சுற்றுத்தான் ஓட்டுவாள்.

லேபிள் எழுதும்போதுதான் கை நின்றது. உண்மையை எழுதினால் என்றைக்காவது தங்கை கண்ணில் பட்டுவிடும். அதனால் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் லேபிள் எழுதினாள். மூன்று பெட்டியில் 'பழைய திரைச்சீலை'. நாலாவதில் 'உடைசல், இஸ்திரிப்பெட்டி, ஒயர்'. யாருடையது என்ற இடத்தைக் காலியாக விட்டாள். நாலையும் கம்பெனி குடோனுக்கு அனுப்பிவிட்டு, பெரிய உபகாரம் செய்துவிட்ட நிம்மதியில் டீ போட்டுக் குடித்தாள்.

தங்கை வந்தாள். காலி அறையைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதன்பின் பத்து நாள் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து வெயிலைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் பேசினார்கள். அந்த வீட்டில் தக்காளி இவ்வளவு பேசப்பட்டது அதுவே முதல் தடவை. டமாரம் என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலும் வரவில்லை.

பதினோராம் நாள் காலையில் நர்ஸ் வந்தாள். வெயிலும் இல்லை, தக்காளியும் இல்லை. நேராகத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பால் கட்டி வலிக்குதா? ஈரத்துணிய வச்சுப் பாத்தீங்களா? பாப்பா ஞாபகமா இருக்கா?"

பத்து நாளில் பாப்பாவைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். தங்கை உடைந்து அழுதாள். அழுது முடித்ததும் நர்ஸ் கேட்டாள், "அந்தப் பையப் பாத்தீங்களா?"

"எந்தப் பை?"

தங்கை புருஷன் அக்காவைப் பார்த்தான். அக்கா மின்விசிறியைப் பார்த்தாள். மின்விசிறியால் உதவ முடியவில்லை.

"குடோன்ல இருக்குடி. ரொம்ப பத்திரமா இருக்கு," என்றாள் அக்கா.

"எடுத்துட்டு வா."

அக்கா குடோன்காரருக்குப் போன் போட்டாள். அவர் நிதானமாகச் சொன்னார், "உடைசல்னு போட்டிருந்த பெட்டியா? மாசக் கடைசி வெள்ளிக்கிழமை உடைசல் எல்லாம் பழைய இரும்புக்காரருக்குன்னு நீங்கதான சுவத்துல எழுதி ஒட்டியிருக்கீங்க. இப்பதான் வண்டியில ஏத்திக்கிட்டிருக்கார்."

அன்று மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அக்கா "வண்டிய நிறுத்துங்க," என்று கத்திவிட்டுச் செருப்பைத் தேடினாள். நிமிர்ந்து பார்த்தால் தங்கை வாசலில் நின்றிருந்தாள்.

"நீ எங்க வர்ற? உனக்கு உடம்பு..."

"நீ சும்மா வா."

கம்பெனி வேனில் இருவரும் போனார்கள். சிக்னலில் நிற்கும்போது அக்கா, "நீ பாத்தா தாங்க மாட்டியேன்னுதான்டி," என்றாள். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குடோன் வாசலில் மீன்பாடி வண்டி மாதிரி ஒரு சின்ன மூன்று சக்கர வண்டி. அதன்மேல் ஒரு துருப்பிடித்த பீரோ, மூன்று மின்விசிறி, எல்லாவற்றுக்கும் உச்சியில் அந்தப் பெட்டி. பழைய இரும்புக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா ஏறிப் பெட்டியை இறக்கினாள்.

"உடைசல்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க," என்றார் அவர்.

"எழுதினது தப்பு."

"பதினாறு வருஷத்துல உங்க லேபிள் தப்பாப் போனதே இல்லையே." அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அக்கா குடோன் தரையில் உட்கார்ந்து டேப்பைப் பிரித்தாள். முதல் சுற்று வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் நகம் உடைந்தது. குடோன்காரர் கத்தி கொண்டுவந்தார். உள்ளே பட்டுவிடும் என்று அக்கா கத்தியைத் தொட மறுத்துவிட்டாள். நாலு, ஐந்து. பழைய இரும்புக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார், "ஒரு ஓட்டை இஸ்திரிப்பெட்டிக்கு இவ்வளவு பந்தோபஸ்தா?"

தங்கை சிரித்துவிட்டாள். சிரித்ததும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவும் சிரித்தாள், மூக்கு ஒழுகச் சிரித்தாள். ஆறாவது சுற்றையும் ஏழாவது சுற்றையும் இருவரும் சேர்ந்து பிரித்தார்கள். ஆண்கள் இருவரும் எதையோ எண்ணிப் பார்ப்பதுபோல் வெளியே போய்விட்டார்கள்.

பையில் ஒரு பச்சைக் குல்லாய், ஆஸ்பத்திரியில் பாப்பா கையில் காப்பு மாதிரிக் கட்டியிருந்த சின்னப் பட்டை, ஓர் அட்டை. அட்டையில் மையில் பதித்த இரண்டு பாதங்கள். தங்கை குல்லாயை முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

"நீ ஏன்க்கா அவளப் பாக்க வரல?"

இல்லாத லாரிக்காரனை மறுபடியும் கூப்பிட முடியாது. "பயந்துட்டேன்டி," என்றாள் அக்கா.

"நாங்க ரெண்டு பேர்தான் பாத்தோம். எங்களுக்கப்புறம் அவ இருந்தான்னு சொல்ல ஒரு ஆள் இல்லக்கா. நீ ரூமையும் காலி பண்ணிட்ட."

அது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. தங்கை அட்டையை அவளிடம் நீட்டினாள். "இப்பவாச்சும் பாரு."

அக்கா பார்த்தாள். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருந்தது, இரண்டு காலிலும். அவள் மெதுவாகச் செருப்பைக் கழற்றித் தன் காலை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். செருப்புக்கடையில் எல்லாம் மானத்தை வாங்கும் கால் அது, சின்ன வயதில் தங்கை விழுந்து விழுந்து சிரித்த கால்.

"என் கால்டி," என்றாள் அக்கா. "அப்படியே என் கால்."

"அன்னிக்கே பாத்தேன். பெரியம்மா கால்னு இவர்கிட்ட சொன்னேன். வந்தா காட்டலாம்னு இருந்தேன்."

அக்கா அப்போதுதான் அழுதாள். பதினோரு நாளாகக் கட்டி வைத்திருந்தது அவ்வளவும் வந்தது. தங்கைதான் அவள் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய லேபிளைக் கிழித்தாள். புதிதாக ஒன்றை எடுத்துப் பெட்டிமேல் ஒட்டினாள். பேனா மூடியைக் கழற்றிவிட்டுத் தங்கையைப் பார்த்தாள்.

"என்னன்னு எழுத? நீயே சொல்லு. உன்னக் கேக்காம இனிமே எதையும் எழுதல."

"குல்லாய். காப்பு. கால்."

எழுதினாள். "எந்த அறை?"

"எங்க ரூம். கட்டில் பக்கத்துல."

அதையும் எழுதினாள். நடுவரிக்கு மட்டும் அவள் யாரையும் கேட்கவில்லை. யாருடையது என்ற இடத்தில், கொட்டை எழுத்தில், டமாரம் என்று எழுதினாள். எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படித்தும் காட்டினாள். தங்கை இன்னொருமுறை படிக்கச் சொன்னாள்.