மூன்றாம் அறைக்கு வெளியே நின்றவர்

எங்கள் கோடை இசைப்பள்ளிக்கு வாரம் ஒரு விருந்தினர் வருவார். பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார், வாரக் கடைசியில் கச்சேரி செய்வார், மாலை போட்டு அனுப்பிவைப்போம். நான் பள்ளியின் பியானோக்காரி. வருகிற எல்லோருக்கும் கூட வாசிக்கிறவள் என்பதால் யார் எப்படி என்று எனக்குத்தான் தெரியும். முதல் வாரம் வந்த பாடகி தொண்டை கட்டிவிட்டது என்று கடைசிப் பாட்டை வெட்டினாள். அடுத்த அரைமணியில் போனில் யாரிடமோ கத்தித் தீர்த்ததை என் காதால் கேட்டேன். இரண்டாம் வாரப் புல்லாங்குழல்காரர் கிளம்பிய பிறகு விருந்தினர் அறையில் ஒரு போர்வையைக் காணோம். நான் யாரையும் சொல்லவில்லை. காணோம், அவ்வளவுதான்.

கடைசி வாரத்துக்குச் செல்லோக்காரர் வந்தார்; செல்லோ என்றால் முழங்காலுக்கிடையில் நிறுத்தி வில்லால் வாசிக்கும் பெரிய வயலின். பெரிய பேர். முடிவுக் கச்சேரியில் தன்னோடு சேர்ந்து வாசிக்க ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிள்ளையை ஒரு வருஷம் தன்னிடமே வைத்துக் கற்றுத்தருவார். செல்லோ வகுப்பில் தேறுகிற கை இரண்டே இரண்டு. ஒன்று என் மகள். இன்னொன்று எங்கள் பள்ளி டைரக்டரின் அண்ணன் மகள். நல்ல உயரம், மனசுக்குள் நான் நெட்டைக்கொக்கு என்றுதான் கூப்பிடுவேன். டைரக்டரின் அண்ணன் மகளுக்கு இது இல்லாவிட்டால் இன்னொன்று கிடைக்கும். என் மகளுக்கு யார் இருக்கிறார்கள்? இதற்கு மேல் கற்றுத்தர இந்த ஊரில் ஆளில்லை.

வாசிப்பது யாரென்று தெரியாமலிருக்கத் தேர்வு திரைக்குப் பின்னால் நடக்கும். வாசிப்பவர் செருப்பைக் கழற்றிவிட்டு வரவேண்டும், பேசக்கூடாது, இருமக்கூடக் கூடாது. அதற்கு முன் நடுவரான செல்லோக்காரர் எந்தச் செல்லோ மாணவரையும் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டால் அந்தப் பிள்ளை தேர்வில் இல்லை. அதனால் இவர் பாடம் எடுப்பதுகூடத் தேர்வுக்கு அப்புறம்தான். நடுவரை மாற்ற முடியாது, அவர் ஒருவர்தானே. விதியெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற விருந்தினர்களுக்கு டாக்ஸி அனுப்பிய டைரக்டர், இவரை மட்டும் ஏன் தானே ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவந்தார்?

காரணம் மறுநாளே தெரிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டு எடுக்க மாடிக்குப் போனேன். பயிற்சி அறைகளின் நடையில், மூன்றாம் அறைக்கு வெளியே செல்லோக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் டீ, மேலே ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் குப்பியை அக்கறையாகப் படிக்கத் தொடங்கினார். அதில் படிக்க என்ன இருக்கிறது?

மூன்றாம் அறை நெட்டைக்கொக்குக்கு ஒதுக்கிய அறை. பெரிய ஜன்னல், நல்ல மின்விசிறி. என் மகளுக்குக் கிடைத்தது தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்திலிருக்கும் ஏழாம் அறை.

அடுத்த நாளும் அவர் அங்கேயே நின்றார். நான் படிக்கட்டிலேயே நின்று காது கொடுத்தேன். தேர்வுக்கான அதே இசைத்துண்டுதான். நடுவில் ஓர் இடம் உண்டு, மேல் ஸ்வரத்திலிருந்து மெதுவாக இறங்கவேண்டியது. அதில் என் மகள் எப்போதும் அவசரப்பட்டுத் தாவிவிடுவாள். எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! உள்ளே இருந்த கை தாவவில்லை. நின்று, மூச்சு விட்டு, இறங்கியது. நெட்டைக்கொக்குக்கு இப்படி வாசிக்க எப்போது வந்தது? யாரோ தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அதோ டீயோடு நிற்கிறாரே!

தேர்வு நாளன்று எல்லோரும் ஹாலில் கூடியிருந்தோம். டைரக்டர் திரையை இழுக்கச் சொன்னார். நான் எழுந்தேன்.

"ஒரு நிமிஷம் சார். நடுவர் முன்னாடியே கேட்ட பிள்ளை வாசிக்கலாமா?"

"கூடாதே. ஏன் டீச்சர்?"

"இவரு தினமும் மூணாம் ரூம் வாசல்ல நிக்கிறாரு. என் கண்ணால பாத்தேன். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

செல்லோக்காரரின் முகம் சிவந்துவிட்டது. "நின்னேங்க. கதவைத் திறக்கல, யாருன்னும் தெரியாது. யாரோ ஒரு டீச்சர் வாசிக்கிறாங்கன்னு நினைச்சேன். மாணவியா இருக்கும்னு தோணவே இல்ல."

"ஆமாமா, தோணாது."

டைரக்டர் என்னை முறைத்தார். "மூணாம் ரூம் யாருக்குக் குடுத்ததுன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரிஞ்சுதான் பேசறேன். அண்ணன் பொண்ணுன்னா மட்டும் விதி வளையுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வளையாது," என்றார். "நீ வாசிக்க வேணாம்மா."

"சரி சித்தப்பா," என்றாள் நெட்டைக்கொக்கு. குனிந்து வில்லைப் பெட்டிக்குள் வைக்கப்போனாள். எனக்கு வயிறு குளிர்ந்தது; பொய் சொல்வானேன்.

அப்போது என் மகள் எழுந்து நின்றாள்.

"மூணாம் ரூம்ல வாசிச்சது நான்."

"சும்மா இருடி," என்றாள் நெட்டைக்கொக்கு அவசரமாக.

"நீ சும்மா இரு," என்றாள் என் மகள். "மோட்டார் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கலன்னு முதல் நாளே இவ ரூமை மாத்திக்கிட்டா சார். இவ ஏழாம் ரூம்லதான் வாசிக்கிறா. இவள யாரும் கேக்கல."

எனக்குக் கை கால் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "அதுக்கென்ன இப்ப? கதவு மூடியிருந்துச்சுல்ல? மூடின கதவுக்கு வெளிய நின்னு கேட்டதெல்லாம் ஒரு கணக்கா?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. "நீங்கதானே டீச்சர் விதி வளையுமான்னு கேட்டீங்க," என்றார். அந்த மனுஷன் ஏளனமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மகளை வராந்தாவுக்கு இழுத்துப்போனேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அதுலயும் ஏதாவது கண்டுபிடிப்பே." செருப்பு நுனியால் தரையைக் கீறினாள். "நீ கேக்காத இடத்துல வாசிக்கணும்னு இருந்துச்சும்மா. அங்கதான் நல்லா வந்துச்சு."

நான் படிக்கட்டில் நின்று கேட்டேனே, ஐயோ! ஒரு டீச்சர் வாசிக்கிறார் என்று நடுவரையே நினைக்கவைத்த கை என் பெண்ணின் கை. அந்நியர் ஒருவர் டீயை ஆறவிட்டு நின்று கேட்டார். பெற்றவள் நான், யாருடைய வாசிப்பென்று தெரியாமல் வயிறெரிந்து நின்றேன். அவளுடைய ஒரு வருஷத்தை என் வாயாலேயே பறித்துக்கொடுத்துவிட்டேன். எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆனால் தேர்வு நடந்தாகவேண்டும். மீதி இருப்பவள் ஒருத்திதான் என்றாலும் நடுவர் கேட்டுச் சரி சொல்லவேண்டும். திரையை இழுத்தார்கள். நெட்டைக்கொக்கு வெறுங்காலோடு வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் பியானோவில் கையை வைத்தேன். அந்த இறக்கத்தில் நான் ஒரு இழை வேகம் கூட்டினால் போதும், இவள் தடுமாறிவிடுவாள். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் குற்றம் அவளுடையதாகத்தான் கேட்கும். அவர் வேண்டாமென்றால் இன்னொரு பேச்சு எழலாம், மூன்றாம் அறை மறுபடி நினைவுக்கு வரலாம். இந்த யோசனை எனக்கு வந்தது. விரட்டவும் இல்லை.

யாரோ ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் என் பக்கத்தில் போட்டார்கள். என் மகள். செருப்பைக் கழற்றியிருந்தாள்.

"நோட்டுல பக்கம் திருப்ப ஆள் வேணாம்," என்று முணுமுணுத்தேன். "எனக்கு மனப்பாடம்."

அவள் என் காதருகே குனிந்தாள்.

"திருப்ப வரல. அவளுக்கு நீ ஒழுங்கா வாசிக்கிறியான்னு பாக்க வந்தேன்."