தட்டில் இருபத்து மூன்று

ஒரு மனுஷனின் மூச்சுக்கு எங்கள் நகராட்சி அலுவலகத்தில் நாற்பது காசு விலை. மொத்தமாக நூறு பெட்டி முகக்கவசம் எடுத்தால் முப்பத்தெட்டு. அந்த இரண்டு காசைக் குறைக்க நான் வியாபாரியிடம் முக்கால் மணி நேரம் போனில் மல்லுக்கட்டினேன். துணிக்கடை மேஜை மேலேயே தூங்கி எழுந்து வளர்ந்தவனுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

"சார், ஊரே செத்துக்கிட்டிருக்கு. நீங்க ரெண்டு காசுக்கு நிக்கிறீங்களே!"

"எல்லாரும் செத்துட்டா யாருக்கய்யா விப்பே? குறைச்சுக்கோ."

குறைத்துக்கொண்டான்.

நான் அங்கே ஸ்டோர் பொறுப்பாளன். பெருந்தொற்று வந்த மூன்றாவது வாரம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. முகக்கவசம் இல்லாமல் யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. வீட்டிலிருந்து போட்டுவருவது செல்லாது. அலுவலகம் கொடுப்பதைத்தான் போட வேண்டும். மாலையில் அதைத் திரும்ப ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் மேனேஜர் அம்மா அதைப் படித்துவிட்டு, "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்கன்னு இருபது வருஷமா சொன்னேன். இப்பதான் கவர்மென்டுக்கே புரிஞ்சிருக்கு" என்றார்.

விரல் வைக்கும் வருகை மெஷினைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டிவிட்டார்கள். அதனால் என் முகக்கவசப் பதிவேடே வருகைப் பதிவேடாகவும் ஆயிற்று. வேலையை எளிதாக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். காலையில் ஸ்டோர் ஜன்னல் திட்டில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் இருபத்து மூன்று முகக்கவசங்கள். மேனேஜரும் நானும் உட்பட ஆட்கள் இருபத்து மூன்று பேர். வருகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். கையெழுத்து கிடையாது, பேனா கைமாறாது. ஒன்பதரைக்குத் தட்டு காலி என்றால் எல்லோரும் வந்தாயிற்று. எல்லார் பெயருக்கு எதிரிலும் ஒரே இழுப்பில் டிக். மாலையில் மூடி போட்ட தொட்டியில் விழுந்ததை இடுக்கியால் எண்ணி, இருபத்து மூன்று என்றால் இன்னொரு டிக். பை நிறைந்து சனிக்கிழமை எரிக்கப் போகும். காலையில் எடுக்க வருகிற யார் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்தாலும் தெரியப்போவது அரை முகம்தானே.

பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் ஒரு எழுத்தர் இருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ஜனனமரணம். "ஜனனமரணம் டீக்குப் போயிருக்கு" என்பார்கள். நான் அண்ணே என்பேன். மூன்று இரும்பு அலமாரிகளுக்குப் பின்னால் அவர் நாற்காலி. தொற்றுக்காகப் பொதுமக்கள் ஜன்னலையும் மூடிவிட்டதால் அவர் இருப்பது முத்திரை குத்தும் டப், டப் சத்தத்தில்தான் தெரியும். முத்திரை மையில் தோய்ந்த கட்டைவிரலாலேயே முகக்கவசத்தை இழுத்து இழுத்துவிடுவார். அதனால் அவருடையதில் மட்டும் இடது ஓரத்தில் ஒரு ஊதாக் கறை இருக்கும். "என்னண்ணே, தினம் கைநாட்டு வச்சுத் தர்றீங்க?" என்று கேலி செய்வேன்.

ஒரு திங்கட்கிழமை மாலை அவர் முகக்கவசத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்குப்பா."

"நாளைக்கு லீவு கீவு போட்டுடாதீங்கண்ணே. தட்டுல ஒண்ணு மிஞ்சினா எனக்குக் கணக்கு இடிக்கும்."

சும்மா சொன்னதுதான். அவர் கண்ணால் சிரித்தார்.

"மிஞ்ச விடமாட்டேன், போ."

செவ்வாய் காலை தட்டு காலி. புதன், வியாழன், வெள்ளியும் அப்படியே. மாலையில் தொட்டியில் இருபத்து மூன்று. டிக், டிக்.

வெளியிலிருந்து வரும் தபாலை மூன்று நாள் அட்டைப்பெட்டியில் போட்டுவைத்துக் கிருமி செத்த பிறகுதான் பிரிப்பது எங்கள் வழக்கம். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மேனேஜர் அந்த வாரப் பெட்டியைப் பிரித்தார். மேலாகவே கிடந்தது, சுகாதாரப் பிரிவின் ஒரு துண்டுச் சீட்டு. ஜனனமரணம் செவ்வாய் விடியற்காலை ஐந்து பத்துக்கு வீட்டில் இறந்துபோனார். உடலைப் பிரிவினரே எடுத்துச் சென்றுவிட்டார்கள். மனைவியைக் காய்ச்சல் வார்டில் சேர்த்திருக்கிறார்கள்.

"என்ன உளர்றாங்க? இன்னைக்குக்கூட வந்தாரே!" என்றார் மேனேஜர்.

"நீங்க பாத்தீங்களா மேடம்?"

"நான் எங்க பாத்தேன். உங்க ரிஜிஸ்டர்ல டிக் இருக்கே."

கையுறையை மாட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் மஞ்சள் பையை அவிழ்த்தேன். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினேன். ஊதாக் கறை பட்டவை ஐந்து இருந்தன. ஒன்று திங்கட்கிழமையுடையது. மடிப்பு கலைந்து, பஞ்சு கிளம்பி, ஒருநாள் முழுக்க ஒரு ஆள் பேசி இருமிப் பெருமூச்சு விட்ட துணி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மற்ற நான்கிலும் காதுக் கயிறு இழுபட்டிருந்தது. கட்டைவிரல் ரேகைகூடத் தெளிவாக விழுந்திருந்தது. ஆனால் முன்பக்க மடிப்பு மூன்றும் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியே விறைப்பாக இருந்தன. மூச்சே படாத துணி. துணிக்கடைக்காரன் பிள்ளைக்குக் கட்டிய வேட்டியும் கட்டாத வேட்டியும் தெரியாதா?

யாரிடமும் சொல்லவில்லை. அந்த நான்கை மட்டும் ஒரு காகித உறையில் போட்டு என் மேஜை இழுப்பறையில் பூட்டிவிட்டு, மீதிப் பையை இறுக்கிக் கட்டி வீட்டுக்குப் போனேன்.

அடுத்த திங்கட்கிழமை தட்டில் எண்ணி இருபத்து இரண்டு வைத்தேன். என்னுடையதை முதலில் எடுத்துக்கொண்டு, வேறு வேலை எதுவும் செய்யாமல் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்த கைகளைக் கவனித்தேன். வளையல் கை, மருதோன்றி நகம், குடிநீர்ப் பிரிவுக்காரரின் துரு படிந்த கை. ஒன்பது இருபத்தைந்துக்குத் தட்டில் ஒன்றுதான் பாக்கி. அது மேனேஜருக்கு, அவர் எப்போதும் கடைசி. நல்ல வெயில், முப்பதடி நடை வழி வெறிச்சென்று கிடந்தது. பேனா கீழே உருண்டது. குனிந்து எடுத்து நிமிர்ந்தேன். தட்டு காலி.

நடை வழியில் ஈ காக்கை இல்லை. மூன்று இரும்பு அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒருமுறை கேட்டது: டப்.

"ஸ்டோர்! எனக்கு எங்க?" என்று மேனேஜர் ஜன்னலில் நின்றார். "எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

பெட்டியைப் பிரித்து இன்னொன்று கொடுத்தேன்.

பதினோரு மணிக்கு ஜனனமரணத்தின் மனைவி, எனக்கு அண்ணி முறை, வந்தார். வார்டிலிருந்து நேராக வந்திருக்கிறார். கையில் மருந்துப் பை, மணிக்கட்டில் வார்டு பட்டை. வாசல் மேஜைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்த்தினார்கள். அவருக்கு வேண்டியது ஒரு காகிதம், இறப்புச் சான்றிதழ். அது இருந்தால்தான் குடும்ப ஓய்வூதியம்; அது வந்தால்தான் வாடகை, மகளின் கல்லூரிப் பணம் எல்லாம்.

மேனேஜர் சுகாதாரப் பிரிவின் சீட்டையும் என் பதிவேட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்தச் சீட்டு செவ்வாய்ங்குது. எங்க ரிஜிஸ்டர்ல வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர் வேலைக்கு வந்திருக்கார். ஆடிட்ல என் கழுத்துக்குத்தான் கத்தி. வேணா ஒண்ணு பண்ணலாம். சனிக்கிழமைன்னு போட்டுக்குவோம். ரெண்டு பேருக்கும் சிக்கல் இல்ல. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

வியாபாரக் கணக்கில் நல்ல பேரம். நான்கு நாள் விட்டுக்கொடுத்தால் கையில் காகிதம். நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். ஆட்டச் சொல்லி அண்ணிக்கு ஜாடைகூடக் காட்டினேன்.

"வேணாம்மா," என்றார் அண்ணி.

"ஏன்? வெறும் தேதிதானே!"

"செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு என் மடியிலதான் போனார். சனிக்கிழமைன்னு எழுதினா, நாலு நாள் உயிரோட இருந்துட்டு, ஆபீஸ் போயிட்டு, வீட்டுக்கு மட்டும் வராம இருந்தார்னு ஆகிடும். என் பொண்ணு அந்தக் காகிதத்தை நாளைக்குப் படிப்பாள்ல?"

மேனேஜர் பதிவேட்டைத் தட்டி, "அப்போ இந்த டிக் என்ன? பேயா வந்து மாஸ்க் எடுத்துட்டுப் போச்சு?" என்றார்.

அலமாரிப் பக்கம் பார்க்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இழுப்பறையில் பூட்டிவைத்த நான்கைக் காட்டலாம். காட்டினால்? செத்தவர் வேலைக்கு வந்தார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அண்ணிக்குச் செவ்வாய்க்கிழமை கிடைக்க வேண்டுமென்றால், அந்த நான்கு மாஸ்கையும் உயிரோடு இருக்கிற யாரோ எடுத்திருக்க வேண்டும். சரக்கு குறைந்தால் கல்லாவில் உட்கார்ந்தவன்தானே பதில் சொல்லணும்.

"நான்தான் எடுத்தேன் மேடம்."

"என்னது?"

"தினம் ஒண்ணு. செவ்வாய்லேருந்து. இன்னைக்கு உங்களுது உட்பட அஞ்சு. வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் வந்தாரா வரலையான்னு பாக்காமலே டிக் போட்டுட்டேன்."

"தொட்டில இருபத்து மூணு விழுந்திருக்கே?"

"வீட்ல கிடந்த பழசை அன்னன்னைக்கே அதுக்குப் பதிலா நானே போட்டேன். கணக்கு இடிக்கக் கூடாதுல்ல."

"வெட்கமா இல்லையாய்யா? நாற்பது காசு மாஸ்க்குக்கு!"

"முப்பத்தெட்டு மேடம்."

அவர் முறைத்த முறைப்பில் என் கண்ணாடியில் ஆவி படிந்தது. நான் விடவில்லை. "எழுதித் தர்றேன். என்ன தண்டனை வேணாலும் போடுங்க. ஆனா எழுதித் தந்த கையோட அண்ணிக்குச் செவ்வாய்க்கிழமை போட்டுக் கையெழுத்து ஆகணும். முதல்ல அது, அப்புறம் தண்டனை."

"திருடன் பேரம் பேசறான் பாரு," என்றார் மேனேஜர். ஆனாலும் பேனாவைத் திறந்தார். நான் எழுதிய வாக்குமூலத்தைக் கோப்பில் கோத்துக்கொண்டு, அந்த டிக்குகளை அடித்து, பக்கத்தில் 'வரவில்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார். சான்றிதழில் செவ்வாய் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். முத்திரைக்காக அவரே அலமாரிக்குப் பின்னால் போனார். போனவர் கொஞ்ச நேரம் வரவில்லை. வந்தபோது சான்றிதழை இரண்டு விரலால் நுனியில் பிடித்திருந்தார்.

"ஸ்டோர், அந்த முத்திரை மையை யார் தொட்டது? ஒருநாள் திறந்து கிடந்தாலே காஞ்சுடும். ஈரமா இருக்கு."

சொல்லிக்கொண்டே சான்றிதழை அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி காகிதத்தை வாங்கி, தேதியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். போகும்போது என் ஜன்னல் பக்கம் நின்றார். "நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும் தம்பி. உங்களைப் பத்தி அவர் நிறையச் சொல்வார். கணக்குல கஞ்சன், கையில சுத்தம்னு."

மாலை எல்லோரும் போன பிறகு, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, அலமாரிகளின் இந்தப் பக்கம் போய் நின்றேன். எட்டிப் பார்க்கும் தைரியம் இல்லை. நாற்காலி கிறீச்சிட்டது மாதிரி இருந்தது.

"அண்ணே, காகிதம் ஆயிடுச்சு. செவ்வாய்க்கிழமைதான் போட்டிருக்கு. தட்டுல ஒண்ணு மிஞ்சினா மிஞ்சட்டும். நான் சும்மா சொன்னது அது. கணக்கை நான் பாத்துக்கறேன். நீங்க கிளம்புங்க."

ஜன்னலுக்குத் திரும்பித் தொட்டியை எண்ணினேன். இருபத்து இரண்டு இருந்தது. மூடியைப் போடக் கை நீட்டியபோது, மேலே இன்னொன்று கிடந்தது. இடது ஓரத்தில் ஊதாக் கறை. இடுக்கியால் தூக்கினேன். மடிப்பு மூன்றும் விரிந்து, துணி நடுவில் உப்பி, ஈரமாக இருந்தது. ஒருவர் வாரம் முழுக்க அடக்கிவைத்திருந்த மூச்சை ஒரே தடவையாக அதில் விட்டதுபோல.

மறுநாள் காலை, யாரையும் கேட்காமல், தட்டில் இருபத்து மூன்று வைத்தேன். ஒன்பதரைக்கு மேனேஜர் தன்னுடையதை எடுத்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். பதிவேட்டைத் திறந்து, வாழ்நாளில் முதன்முறையாக ஒவ்வொரு முகத்தையும் நினைத்துப் பார்த்து ஒவ்வொரு டிக்காகப் போட்டு முடித்தேன்.

காணாமல் போனது: ஐந்து. என் சம்பளத்தில் பிடித்தம்: ஒன்றுக்கு நாற்பது காசு வீதம் இருநூறு காசு. நான் வாங்கிக் கொடுத்த விலைக்கு நூற்றுத் தொண்ணூறுதான் வரும். பத்துக் காசு அலுவலகத்துக்கு லாபம், போகட்டும். தட்டில் வைத்தது: இருபத்து மூன்று. எடுத்தவர்: இருபத்து இரண்டு. மீதி: ஒன்று.