புளோறன்ஸ் மிஸ்ஸைப் பாராட்டிய கதை

நம்மவர்களிடம் ஓர் ஆளை வேலையை விட்டுக் கிளப்ப இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று கடிதம், மற்றது பொன்னாடை. கடிதம் கொடுத்தால் அதைத் தூக்கிக்கொண்டு கோர்ட் இருக்கிற புதுக்கடைக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து வழக்காவது போடலாம். பொன்னாடைக்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்கில்லை. மேடையில் ஏற்றி, மாலை போட்டு, 'ஓய்வுபெறும்' என்ற சொல்லை வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல ஏற்றி அனுப்பிவிடுவார்கள். சனம் கைதட்டி, படம் பிடித்து, றோல்ஸ் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகும்.

புளோறன்ஸ் மிஸ்ஸின் தலையில் விழுந்தது இந்த இரண்டாவது.

மிஸ்ஸுக்கு ஐம்பத்துநாலு வயது. கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வருகிறவர். காலி வீதி என்கிற பிரதான தெருவிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் நாலு மாடியில் நிற்கிறதே ஒரு மகளிர் கல்லூரி, அதில் பதினைந்து வருடமாக உதைபந்தாட்டத் தலைமைப் பயிற்றுநர். தலைமை என்றதும் அவருக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வதாக யாரும் நினைக்கவேண்டாம். பந்துக்குக் காற்றடிப்பதும் அவரேதான்.

செய்தியைக் கொண்டுவந்தவர் தமிழ் விரிவுரையாளர் அருந்ததி.

"மிஸ், மலருக்கு உங்கட படம் ஒண்டு வேணும். சேலையோட நிண்டு எடுத்ததெண்டால் நல்லம்."

"எந்த மலருக்கு?"

"உங்கட சேவைநலன் பாராட்டு மலருக்குத்தான். வாற சனிக்கிழமை விழா. ஏன், சேர் உங்களுக்குச் சொல்லேல்லையே?"

"அடியம்மா! நான் போறேன்னு யாருக்குச் சொன்னேன்?"

மிஸ் இரண்டிரண்டு படியாகத் தாவி நாலாம் மாடிக்கு ஏறினார். பணிப்பாளர் சிவபாதசுந்தரம் நெற்றி நிறையத் திருநீறும் கழுத்து நிறைய டையுமாக உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே மூச்சிரைக்க அருந்ததியும் வந்து சேர்ந்தார்.

"சேர், நான் ரிட்டயர் ஆகல்ல."

"மிஸ், பதினைஞ்சு வருசம் இந்தக் கல்லூரிக்கு உழைச்சிருக்கிறியள். உங்களைக் கௌரவிக்காமல் விட்டால் சனம் எங்களை என்ன சொல்லும்?"

"எனக்குக் கௌரவம் ஒண்ணும் வேணாம் சேர். டீம் இருந்தாப் போதும்."

பணிப்பாளர் கண்களை மூடித் திறந்தார். "பாத்தியளே அருந்ததி? இதைத்தான் தன்னடக்கம் எண்டு சொல்லுறது. மலரிலை இதுக்கொரு பந்தி சேருங்கோ."

உண்மை என்னவென்றால், பணிப்பாளரின் தங்கை மகளைக் கட்டிய கஜேந்திரன் என்பவர் கனடாவிலிருந்து ஒரு சான்றிதழோடு வந்து இறங்கியிருந்தார். 'ஆளுமை விருத்தி' என்று ஒரு வகுப்பு நடத்தப் போகிறாராம். செவ்வாயும் வியாழனும், பின்னேரம் மூன்றரைக்கு. அதுதான் பந்தடிக்கிற நேரம். போதாக்குறைக்கு, கலியாணம் பேசுகிற வயதில் பிள்ளை வெயிலில் கறுத்துப்போகிறாள் என்று இரண்டு தாய்மார் வேறு வந்து அழுதிருந்தார்கள். ஆக, மிஸ் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வரப்போவதில்லை. அணியையே மூடுவதாகத்தான் ஏற்பாடு.

அணியில் ஏழு பேர் விளையாட்டுக்கென்று ஒதுக்கிய இடத்தில் படிக்க வந்தவர்கள். தலைவி டெனிஷா முகத்துவாரத்தில் கடற்றொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை, இரண்டாம் வருடம். விஷயம் தெரிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"மிஸ், டீம் இல்லாட்டி எங்கட இடம்?"

மிஸ் விசிலை எடுத்தார். "நீ போய் ஓடு, நாலு ரவுண்ட்," என்றார்.

அன்று பின்னேரம் அருந்ததி மலரின் கையெழுத்துப் படியைக் கொடுத்தார். மிஸ் அதை வாசித்தபோது செத்தவீட்டுப் பிரசுரம் வாசிப்பதுபோல இருந்தது. 'சிறுவயது முதலே உதைபந்தாட்ட மேதை' என்று தொடங்கியது. மேதையாவது மண்ணாங்கட்டியாவது! மிஸ் கல்லூரிக்கு வந்தது தட்டெழுத்தாளராக. ஒருமுறை ஏதோ பதிவுப் படிவத்தில் 'மகளிர் விளையாட்டு அணி உண்டா?' என்று கேட்டிருந்தார்கள். பணிப்பாளர் 'உண்டு' என்று சரி போட்டுவிட்டு, பிறகுதான் அணியைத் தேடப் புறப்பட்டார். நாலு அண்ணன்மாரோடு ஒழுங்கையில் உதைபட்டு வளர்ந்த புளோறன்ஸைத் தவிர, பந்தைக் கையால் தொடக்கூடாது என்ற விஷயம் அந்த ஒபீசில் வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

'எண்ணற்ற வெற்றிகள்' என்றும் எழுதியிருந்தது. ஒன்பது வெற்றிகள். கைவிரலால் எண்ணினாலும் ஒரு விரல் மிஞ்சும். முதல் ஆட்டத்தில் பதினொன்றுக்குப் பூச்சியம். அடித்த பிள்ளைகளே வந்து மன்னிப்புக் கேட்டார்கள். கோல் காத்த மிதுனா தேம்பித் தேம்பி அழ, மிஸ் அவள் முதுகில் தட்டி, "என்னாத்துக்கு அழுற? பன்னெண்டாவது போகல்லையே," என்றார். அந்த மிதுனா இன்று ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. அது மலரில் இல்லை. மைதானம் கிரிக்கெட்காரர்களிடம் போகிற நாட்களில் ரயில் பாதைக்கு அப்பால் கடற்கரை மணலில் விளையாடி, கடலுக்குள் போன பதினேழு பந்துகளும் மலரில் இல்லை. பயிற்சியில் பக்கம் பிரிக்க மேலே மாட்டுகிற நிறச்சட்டை கேட்டு மிஸ் ஆறு வருடமாகக் கடிதம் எழுதியதும் இல்லை. இன்றைக்கும் ஒரு பக்கம் ரீசேர்ட்டை உள்வெளியாகப் போட்டுக்கொண்டுதான் ஆடுகிறது.

மிஸ் அன்றே பழைய தட்டெழுத்துக் கைவாகில் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார். 'நான் ஓய்வுபெற விரும்பவில்லை. இந்த விழாவும் எனக்கு வேண்டாம்.' இதைவிடத் தெளிவாகத் தமிழில் எழுத முடியாது. வியாழக்கிழமை மலர் அச்சாகி வந்தது. மூன்றாம் பக்கத்தில் கடிதம் அப்படியே பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். மேலே தலைப்பு: 'புகழை வெறுத்த பெருந்தகை'.

"விழாவுக்கே நான் வரமாட்டேன்," என்று பணிப்பாளருக்குப் போன் எடுத்துக் கத்தினார் மிஸ்.

"அப்பிடிச் சொல்லுவியள் எண்டு தெரியும். நானே கல்லூரி வானைக் கொண்டந்து உங்களை ஏத்துறன்," என்று அவர் குழைந்தார்.

வீட்டில் கணவர் கிளறன்ஸ் துறைமுகத்தில் வேலை முடித்து வந்து மீன்பொரியலும் பாணும் தின்றுகொண்டு இதையெல்லாம் கேட்டார். கட்டிய நாளிலிருந்து மனைவிக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "புளோரி, ஆட்டுக்கு மாலை போடுறது எதுக்குன்னு ஆட்டுக்குத் தெரியாட்டியும் உனக்குத் தெரியோணும்," என்றார்.

"தெரியும். தெரிஞ்சு என்ன செய்ற? வேணாம்னு சொல்லச் சொல்ல இன்னும் பெரிய மாலையா வாங்குறானுகளே!" என்று சொல்லிவிட்டு மிஸ் அழுதார். பதினொரு கோல் வாங்கிய அன்றுகூட அழாத மனிசி.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பிரதம விருந்தினர் ஒரு வங்கி முகாமையாளர். அணிப் பிள்ளைகள் பின்வரிசையில் சேலை கட்டிக்கொண்டு செத்தவீட்டுக்கு வந்ததுபோல இருந்தார்கள். முன்வரிசையில் கஜேந்திரன் மடிக்கணினியோடு தயாராக இருந்தார். பழைய மாணவிகள் ஒரு பொன்னாடை, பெற்றோர் சங்கம் ஒன்று, நலன்புரிச் சங்கம் ஒன்று, அதிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்த சங்கம் இன்னொன்று என்று ஒன்பது பொன்னாடைகள் வந்து விழுந்தன. வைகாசி வெக்கையில் ஒன்பது பொன்னாடைக்குள் மிஸ் அவிந்துபோனார்.

பிறகு வங்கி முகாமையாளர் பேசினார். இப்படியொரு ஆசிரியையைக் கண்டெடுத்த பணிப்பாளரையும் பாராட்டவேண்டும் என்றார். பணிப்பாளர் எழும்பிக் கும்பிட்டு, "ஐயோ, நான் ஒண்டும் செய்யேல்லை, ஒண்டும் செய்யேல்லை," என்றார். அது சுத்தமான உண்மை. ஆனால் சனம் முன்னதைவிடப் பலமாகக் கைதட்டியது.

மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அட! இந்த நோய் எனக்கு மட்டுமில்லையே, இவருக்கும் ஒட்டுமே என்று மனதுக்குள் ஒரு மணி அடித்தது.

நிகழ்ச்சியில் கடைசி, மிஸ்ஸின் பதிலுரை. மைக் முன்னால் போய் நின்றார்.

"எனக்கு மேடையில பேசத் தெரியாது. ஆனா ஒரு விசயத்தை மறைச்சா அது பாவம். நான் போகத்தான் நினைச்சேன். நேத்து சேர் என்னை ஒபீசுக்குக் கூப்பிட்டார். 'மிஸ், நீங்க போனா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. இன்னும் அஞ்சு வருசம் இருந்தே ஆகோணும். டீமை நானே பொறுப்பெடுக்கிறேன், எந்தப் பிள்ளையோட இடமும் போகாது'ன்னு சொல்லிக் கண்ணு கலங்கினார்."

பின்வரிசையில் டெனிஷா எழும்பி நின்றுவிட்டாள்.

பணிப்பாளர் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். "இல்லை இல்லை! நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை!"

மண்டபம் இடிந்து விழுவதுபோலக் கைதட்டல்.

"பாத்தீங்களா?" என்றார் மிஸ். "இதையும் சொன்னார், 'மேடையில என் பேரைச் சொல்லிராதீங்க'ன்னு. எனக்கு இருக்கிறதெல்லாம் ஒரு தன்னடக்கமா?"

"ஐயோ, சத்தியமாச் சொல்லேல்லை!"

பெற்றோர் சங்கத் தலைவி கண்ணைத் துடைத்தார். மிஸ் தன் தோளில் கிடந்த ஒரு பொன்னாடையை உருவிப் பணிப்பாளருக்குப் போர்த்திவிட்டார். கமராக்காரன் மேடைக்கே ஏறிவந்து படம் எடுத்தான். வங்கி முகாமையாளர் பணிப்பாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கி விடவேயில்லை. கஜேந்திரன் மடிக்கணினியை மூடினார்.

திங்கட்கிழமை மிஸ்ஸுக்கு நாலாம் மாடியிலிருந்து அழைப்பு வந்தது. பணிப்பாளரின் மேசையில் தமிழ்ப் பேப்பர் கிடந்தது. 'அணியைத் தாங்கும் ஆலமரம்' என்று தலைப்புப் போட்டு, பொன்னாடையோடு அவருடைய படம்.

"பொல்லுக் குடுத்து அடி வாங்கினது நான்தான். அதை விடுவம்," என்றார் பணிப்பாளர். "ஆனால் மிஸ், ஏன் ஐஞ்சு வருசம் எண்டு சொன்னனீங்கள்? ரெண்டு எண்டு சொல்லியிருக்கலாமே?"

"உங்கட பெருந்தன்மைக்கு ரெண்டு காணாது சேர்."

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையில் பங்குச் சுவாமியாரிடம் போய் மிஸ் பாவசங்கீர்த்தனம் செய்தார்.

"சுவாமி, மேடையில நின்னு பெரிய பொய்யொண்ணு சொல்லிட்டேன்."

"அதால யாரும் கெட்டுப்போனாங்களா?"

"இல்ல சுவாமி. ஒருத்தர் நல்லவராகிட்டார்."

சுவாமியார் பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியாயே' செபத்தை ஒரேயொரு தரம் மட்டும் சொல்லச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மைதானம் கிரிக்கெட்காரர்களிடம் போயிருந்தது. மூன்றரைக்குப் பிள்ளைகள் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்தார்கள். மிஸ் பையைத் திறந்தார். எட்டுப் பொன்னாடைகளையும் இரண்டாக வெட்டி, தலை நுழைய ஓட்டை போட்டு, இரவிரவாகத் தைத்துப் பதினாறு சட்டைகள் வைத்திருந்தார். மாற்று ஆட்டக்காரிகளுக்கும் காணும். ஒரு பக்கம் சரிகைக் கரை மின்ன மின்ன மணலில் ஓடியது. டெனிஷா அவர்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து வெட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இன்னும் ஐந்து வருடம் இதைப் பார்க்கலாமே என்று மிஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

அந்த நேரம் பார்த்து டெனிஷா ஓங்கி உதைத்தாள். பந்து எல்லோருக்கும் மேலால் போய்க் கடலில் விழுந்து, பாணந்துறைப் பக்கமாக மிதந்து போனது. பதினெட்டாவது.

"ஐயோ மிஸ், இருந்தது அது ஒண்ணுதானே! இப்ப என்ன செய்ற?"

மிஸ் கைப்பையிலிருந்து போனை எடுத்து, பெற்றோர் சங்கத் தலைவியின் இலக்கத்தைத் தேடினார்.

"கவலப்படாத. புதுப் பந்து வாங்கித் தந்ததுக்கு சேருக்கு நன்றி சொல்லுவம்."