ஏதேரியின் இரண்டாம் பகுதி

ஜார்ஜியாவிலிருந்து பிரான்சின் கிரெனோபிளுக்குச் சட்டம் படிக்க வந்த ஏதேரி, முதல் வாய்மொழித் தேர்விலேயே பெரிய குற்றம் செய்துவிட்டாள். விடையை மூன்று பகுதிகளாகச் சொன்னாள். அங்கே இரண்டுக்கு மேல் கூடாது. முதலில் எதிராளியின் நியாயம், அப்புறம் அதற்கு மறுப்பு. அவள் மூன்றாவதாக வாயைத் திறந்ததும் பேராசிரியை வோக்லேனின் முகம் சூப்பில் ஈயைப் பார்த்தது போல ஆனது. இருபதுக்கு ஆறு!

அன்றிலிருந்து அவள் பக்கத்து அறைக்காரியிடம் உப்புக் கேட்பதுகூட இரண்டு பகுதியாகத்தான். இன்று மறுதேர்வு. இதிலும் கோட்டை விட்டால் படிப்பும் அம்போ, விசாவும் அம்போ.

காலையில் போனால் கல்லூரி வாசலை நாற்காலிகளாலும் குப்பைத் தொட்டிகளாலும் அடைத்து வைத்திருக்கிறார்கள், மகானுபாவர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்துப் போராட்டமாம்.

"உங்களுக்காகத்தான்டி பண்றோம்!" என்றான் வகுப்புத் தோழன் லோயிக், மைக்கும் கையுமாக.

"நான் கேட்டேனாடா? எனக்கு இன்னிக்குப் பரீட்சைடா, பாவி!"

"அப்போ வந்து பேசு. அடைப்பைத் தொடரலாமான்னு ஓட்டு எடுக்கப்போறோம். ஆளுக்கு மூணு நிமிஷம்."

புல்வெளியில் பெருங்கூட்டம். ஏதேரி மைக்கை வாங்கினாள். பழக்கதோஷம் விடுமா? எதிராளியின், அதாவது போராட்டக்காரர்களின், நியாயத்திலிருந்தே ஆரம்பித்தாள். அதை எவ்வளவு உயரத் தூக்குகிறோமோ, அவ்வளவு பலமாகப் போட்டு உடைக்கலாம் அல்லவா? விடுதிச் சமையலறையில் ஒற்றை அடுப்புக்கு நடக்கும் சண்டை, விசா அலுவலக வாசலில் குளிரில் விறைத்த விரல்கள், இந்த நேரத்தில் தேர்வு வைப்பதே துரோகம் என்று வெளுத்து வாங்கினாள். கூட்டம் கைகளை மேலே தூக்கிப் படபடவென்று ஆட்டியது. அங்கே அதுதான் கைதட்டல். ஒருத்தன் அழுதேவிட்டான்.

"இது முதல் பகுதி. ஆனா..."

"நேரம் முடிஞ்சுது, தோழர்!" லோயிக் மைக்கைப் பிடுங்கினான்.

"டேய், இன்னொரு பகுதி இருக்குடா! நான் சொல்ல வந்ததே அதுலதான்டா இருக்கு!"

யார் கேட்டார்கள்? ஓட்டெடுப்பில் கைகள் காடாக எழுந்தன. காலவரையற்ற அடைப்பு! போதாக்குறைக்கு ஏதேரிதான் போராட்டக் குழுவின் பேச்சாளர் என்றும் முடிவாயிற்று.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கை இன்னும் இறங்காமல் நின்றது. வோக்லேன்!

"மேடம், நீங்களுமா?"

"என்னம்மா பண்றது? தேர்வு நடத்தலாம்னுதான் வந்தேன். உங்க பேச்சு மனசை மாத்திடுச்சு. அந்த முதல் பகுதிக்குப் பதினஞ்சே போடலாம்."

"அப்போ போடுங்க, மேடம்! இங்கயே போடுங்க!"

"சேச்சே! போராட்டம் நடக்கும்போது தேர்வு வெச்சா அது துரோகம் இல்லையா? இப்போ நீங்கதானே சொன்னீங்க?"

அம்மையார் காபி குடிக்கப் போய்விட்டார். ஏதேரிக்கு ஆத்திரத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போராட்டத்துக்காக அழுகிறாள் என்று நினைத்து, மொத்தக் கூட்டமும் அவளைப் பார்த்துக் கைகளை ஆட்டியது.